எம்.டி., எம்.எஸ். தீசிஸ்: முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் முடிக்க வேண்டியவை

என் எம்.டி. தீசிஸுக்காகச் சேர்த்த முதல் 11 நோயாளிகளை என்னால் கணக்கிலேயே எடுக்க முடியவில்லை. ஆய்வு நெறிமுறைகளைப் பார்க்கும் எதிக்ஸ் கமிட்டியின் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த மறுநாளே ஓ.பி.யில் உட்கார்ந்து ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். மருத்துவ ஆய்வுகளைப் பதியும் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டின் எண் வருவதற்கு முன்னால் ஒருவரைக்கூடச் சேர்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியாது. அந்த 11 பேரும் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள். இரண்டு பஸ் மாறி வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர்கள். அவர்களுக்கான சிகிச்சையைத் தொடர்ந்தேன். ஆனால் அவர்கள் கொடுத்த தகவல் ஆய்வுக்குப் பயன்படாமல் போனதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

மேற்குத் தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் படித்தேன். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் கொடுப்பது நல்லதா, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பது நல்லதா என்பது என் ஆய்வு. அதே வருடம் கண் மருத்துவத்தில் ஒரு தோழியும் எலும்பு முறிவுப் பிரிவில் ஒரு நண்பரும் அவரவர் தீசிஸோடு போராடினார்கள். மூன்று பேரும் தடுக்கி விழுந்த இடங்களைச் சேர்த்தே எழுதுகிறேன். இந்த வருடம் சேர்ந்திருக்கும் நீங்கள் தலைப்பைப் பற்றி, தீசிஸை வழிநடத்தும் பேராசிரியரான கைடிடம் பேசப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

1. காலண்டரைப் பார்த்த பிறகு தலைப்பைத் தேர்ந்தெடுங்கள்

படிப்பு மூன்று வருடம். தேர்வுக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே தீசிஸை ஒப்படைக்க வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி. தொடக்கத்தில் அனுமதிகள் வாங்க ஆறு மாதம் ஓடிவிடும். கடைசியில் கணக்குப் போடவும் எழுதவும் மூன்று மாதம் வேண்டும். மிஞ்சுவது 21 மாதம்தான். நோயாளியை ஆறு மாதம் தொடர்ந்து பார்க்க வேண்டிய ஆய்வு என்றால், ஆள் சேர்க்க உங்களுக்கு உண்மையில் 15 மாதமே இருக்கிறது.

நோய் கண்டறியும் ஆய்வு எடுப்பவர்கள் அதிகம் ஏமாறுவது சாம்பிள் சைஸில், அதாவது எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற கணக்கில். கண் பிரிவுத் தோழி, கையடக்கக் கேமராவால் சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் பாதிப்பைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தார். கருவியின் உணர்திறன், அதாவது நோய் உள்ளவர்களைத் தவறவிடாமல் கண்டுபிடிக்கும் சென்சிட்டிவிட்டி, 90 சதவீதம் இருக்கும், 7 சதவீதம் முன்னே பின்னே போகலாம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 71 பேர் வருகிறது. 71 பேரைப் பரிசோதித்தால் போதும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அந்த 71 என்பது நோய் உள்ளவர்களின் எண்ணிக்கை. உங்கள் ஓ.பி.க்கு வரும் சர்க்கரை நோயாளிகளில் 100க்கு 20 பேருக்குத்தான் விழித்திரைப் பாதிப்பு என்றால், 71 பேர் கிடைக்க 355 பேரைப் பார்த்தாக வேண்டும். இது ஒப்படைக்கும் வருடத்தில் தெரியவந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அதே வகை ஆய்வில் இன்னொரு பள்ளம். கேமராவில் பாதிப்பு தெரிந்தவர்களை மட்டும் கண் மருத்துவரிடம் அனுப்பி உறுதிசெய்தால் ஆய்வே கெட்டுவிடும். கேமரா தவறவிட்டவர்கள் யார் என்று கடைசிவரை தெரியாது. எல்லோருக்கும் இரண்டு பரிசோதனையும் நடக்க வேண்டும். இரண்டாவதாகப் பார்க்கும் மருத்துவருக்கு முதல் முடிவு தெரியக் கூடாது.

மருந்துப் பயன்பாட்டு ஆய்வு, அதாவது மருந்துச்சீட்டுகளை வைத்துச் செய்வது, எளிது என்று எல்லோரும் சொல்வார்கள். செலவு குறைவு என்பது உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் 1993ஆம் ஆண்டு அளவுகோல்களை எடுத்துக்கொண்டால் ஒரு சீட்டுக்குச் சராசரி எத்தனை மருந்து, எத்தனை சதவீதம் கம்பெனிப் பெயர் இல்லாமல் ஜெனரிக் பெயரில், எத்தனையில் ஆன்டிபயாடிக், எத்தனையில் ஊசி, எத்தனை மருந்து அத்தியாவசியப் பட்டியலில் உள்ளவை என்று எண்ண வேண்டும். குறைந்தது 600 சீட்டுகள் எடுக்கச் சொல்கிறது அந்தக் கையேடு. மழைக்கால இரண்டு மாதத்தில் மொத்தச் சீட்டையும் சேகரித்துவிடாதீர்கள். காய்ச்சல் சீசனில் ஆன்டிபயாடிக் சதவீதம் தானாக ஏறிவிடும். வருடம் முழுக்கப் பரவலாக எடுங்கள்.

உடலுக்குள் பொருத்தும் இம்ப்ளான்ட் பற்றிய ஆய்வுக்குப் பொறுமையைவிடக் காலம் அதிகம் வேண்டும். முழங்கால் மூட்டோ இடுப்பு மூட்டோ தேய்ந்து தளர்வது பத்து, பதினைந்து வருடக் கதை. ஸ்வீடன் 1975 முதல் முழங்கால் மாற்று அறுவைகளைத் தேசியப் பதிவேட்டில் வைத்துத் தொடர்வது அதனால்தான். இரண்டு வருடத்தில் "இந்த இம்ப்ளான்ட் பாதுகாப்பானது" என்று யாராலும் சொல்ல முடியாது. கிருமித் தொற்று, ஸ்க்ரூ நகர்வது, எலும்பு கூடும் காலம் என்று ஆறு மாதத்துக்குள் தெரியக்கூடியதைக் கேள்வியாக வையுங்கள்.

2. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி தேவையா என்று உறுதிசெய்யுங்கள்

பெரும்பாலான தீசிஸுக்குத் தேவைப்படாது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளில் கல்விசார் ஆய்வு என்று ஒரு பிரிவு இருக்கிறது. இந்தியாவில் ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை வேறு நோய்க்கோ, வேறு அளவிலோ, வேறு வழியிலோ கொடுத்துப் பார்க்கிறீர்கள், எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் இருக்கிறது, கிடைக்கும் தகவலை மருந்து நிறுவனம் அனுமதி வாங்கப் பயன்படுத்தப் போவதில்லை என்றால் மத்திய அலுவலகத்துக்குப் போக வேண்டாம். உரிமம் பெற்ற மருத்துவக் கருவிக்கும் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் இதே சலுகையைத் தருகின்றன.

ஒரு எச்சரிக்கை. நிறுவனம் ஒன்று "இம்ப்ளான்ட் இலவசமாகத் தருகிறோம், முடிவை மட்டும் எங்களுக்கும் கொடுங்கள்" என்று வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அப்போது அது கல்விசார் ஆய்வாக இருக்காமல் போகலாம். கைடும் எதிக்ஸ் கமிட்டியும் எழுத்தில் முடிவு சொல்லாமல் ஒரு பெட்டியைக்கூட வாங்கி வைக்காதீர்கள்.

3. எதிக்ஸ் கமிட்டிக்கான கோப்பு

தயாராக வேண்டியவை: ப்ரோட்டோகால் (ஆய்வுத் திட்டம்), தகவல் சேகரிப்புப் படிவம், நோயாளிக்கான தகவல் தாள், ஒப்புதல் படிவம் (இவை இரண்டும் ஆங்கிலத்திலும் தமிழிலும்), மொழிபெயர்ப்புச் சான்று, துறைத் தலைவர் ஒப்புதல், அறிவியல் குழு ஒப்புதல், உங்கள் பயோடேட்டா, கைடின் பயோடேட்டா, செலவுக் கணக்கு, யாரிடமும் பணம் வாங்கவில்லை என்ற உறுதிமொழி. ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ வேறு துறையில் நடப்பதாக இருந்தால் அந்தத் துறையின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். என் கோப்பு ஒரு மாதம் திரும்பி நின்றதற்குக் காரணம் பயோகெமிஸ்ட்ரி துறையின் ஒரு கையெழுத்து.

கமிட்டி மாதாமாதம் கூடும் என்று எண்ணிவிடாதீர்கள். சில கல்லூரிகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். கடைசித் தேதியை முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கேஸ் ஷீட்டுகளிலிருந்து பெயர் நீக்கி எடுக்கும் ஆய்வு என்றால், தனித்தனி ஒப்புதலிலிருந்து விலக்கு வேண்டும் என்று நீங்களாகவே விண்ணப்பத்தில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் தரமாட்டார்கள்.

கமிட்டியில் டாக்டர்கள் மட்டும் இருக்கமாட்டார்கள். வழக்கறிஞர், சமூகவியலாளர், பொதுமக்கள் சார்பில் ஒருவர் என்று வெளியாட்களும் உட்கார்ந்திருப்பார்கள். தலைவரும் கல்லூரிக்கு வெளியே இருந்து வருபவரே. மருத்துவம் தெரியாத அந்த ஒருவருக்குப் புரிகிற மாதிரி உங்கள் ஆய்வை ஐந்து நிமிடத்தில் தமிழில் சொல்லப் பழகிக்கொண்டு போங்கள். என்னிடம் வந்த கடினமான கேள்வி அவரிடமிருந்துதான் வந்தது: "ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு ரத்தம் ஏறலைன்னா யாரு பொறுப்பு, எப்ப கண்டுபிடிப்பீங்க?" நான்காவது வாரத்தில் ஒரு ஹீமோகுளோபின் பார்ப்பதை ப்ரோட்டோகாலில் சேர்த்தது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

இன்னொன்று: ஐ.சி.எம்.ஆர். என்னும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்தும் அடிப்படை ஆராய்ச்சிப் பாடத்தை ஒவ்வொரு முதுநிலை மாணவரும் முடித்தாக வேண்டும். ஆன்லைன் பாடம்தான். தள்ளிப்போடாமல் முதல் வருடத்திலேயே முடித்தால் ப்ரோட்டோகால் எழுதும்போதே கைகொடுக்கும்.

4. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் நீங்களே எழுதுங்கள்

எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை, இந்த வேலையை ஜெராக்ஸ் கடைக்கு அருகில் இருக்கும் டி.டி.பி. சென்டரிடம் விடாதீர்கள். நான் விட்டேன். பணம் கொடுத்து வாங்கிய அந்த நான்கு பக்கத்தில் "நீங்கள் சீரற்ற முறையில் இரு குழுக்களில் ஒன்றிற்கு ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்" என்று இருந்தது. அறுபது வயது அம்மா ஒருவர், தறி ஓட்டுபவர், அந்த வரியில் விரலை வைத்துக் கேட்டார்: "ஏனுங்க டாக்டரம்மா, ஒதுக்கீடுன்னா இந்த ரிசர்வேசனுங்களா? எங்க சாதி சர்டிபிகேட்டு கொண்டாரோணுமா?" அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. மறுநாள் எடுத்து வரட்டுமா என்றுதான் கேட்டார்.

அன்று இரவு உட்கார்ந்து முழுவதையும் மாற்றி எழுதினேன். "சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பது போல, உங்களுக்கு எந்த முறை என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். நானோ நீங்களோ தேர்ந்தெடுக்க முடியாது." அந்த அம்மாவுக்கே வாசித்துக் காட்டினேன். தலையாட்டினார்.

நம் மொழியில் கவனிக்க வேண்டிய சில சொற்கள்:

"பரிசோதனை". ரத்தப் பரிசோதனை என்றால் யாருக்கும் பயமில்லை. "பரிசோதனையில் கலந்துகொள்கிறீர்கள்" என்று எழுதினால் "எம்மேல சோதனை பண்றீங்களா?" என்று எழுந்து போய்விடுவார்கள். அங்கே "ஆய்வு" என்று எழுதி, எதைத் தெரிந்துகொள்ள இந்த ஆய்வு என்பதை அடுத்த வரியிலேயே சொல்லுங்கள். அதற்காக, இது ஆய்வு என்பதை மறைத்து "ஸ்பெஷல் ட்ரீட்மென்ட்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அது ஏமாற்று.

"5 மி.லி. ரத்த மாதிரி" என்றால் எவ்வளவு என்று தெரியாது. "ஒரு டீஸ்பூன் அளவு" என்று சேர்த்து எழுதுங்கள்.

"பக்க விளைவுகள் ஏற்படலாம்" என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை. என் படிவத்தில் மலம் கறுப்பாகப் போகும் என்பது முதலில் இல்லை. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் அது இயல்பு. படிவத்தில் இல்லாததால் ஒருவர் குடல் புண்ணாகி ரத்தம் போகிறது என்று பயந்து இரவு பத்து மணிக்குக் காஷுவால்ட்டிக்கு ஓடி வந்தார். எது சாதாரணம், எது வந்தால் உடனே வர வேண்டும் என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

கட்டாயம் இருக்க வேண்டியவை: எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சையில் குறை வராது, ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு, உங்கள் போன் எண், எதிக்ஸ் கமிட்டியின் தொடர்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வில் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாகக் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். வார்டு நர்ஸை அவசரத்துக்குக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது தவறு. 7 முதல் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும். 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் எழுத்தில். கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு பிரதி நோயாளி கையில் போய்ச் சேர வேண்டும்.

தமிழில் எழுதியதை ஆங்கிலம் தெரிந்த வேறொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று கமிட்டி பார்க்கும்.

5. சி.டி.ஆர்.ஐ. பதிவு

இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு என்பது இதன் பொருள். ஐ.சி.எம்.ஆர். நடத்துகிறது, பதிவு முழுக்க இலவசம். "சீக்கிரம் எண் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். 2018 ஏப்ரல் 1 முதல், ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்ட ஆய்வைப் பதிவேடு ஏற்பதில்லை. என் 11 பேர் போனது இந்த விதியால்தான். பதிவு இல்லாத சிகிச்சை ஆய்வை நல்ல இதழ்களும் வெளியிடமாட்டா.

கணக்குத் தொடங்கும்போது நீண்டநாள் வைத்திருக்கப்போகும் ஈமெயிலைக் கொடுங்கள். கேள்விகள் எல்லாம் அதற்குத்தான் வரும். படிவத்தைப் பகுதி பகுதியாகச் சேமித்துக்கொண்டே போகலாம். முதுநிலை தீசிஸ் என்பதற்குத் தனியாக இடம் இருக்கிறது, அதைக் குறிக்க மறக்காதீர்கள். எதிக்ஸ் கமிட்டிக் கடிதத்தை ஏற்ற வேண்டும். கடிதத்தில் இருக்கும் தலைப்பும் நீங்கள் இங்கே எழுதும் தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒரு சொல் மாறினாலும் கேள்வி வரும்.

முதன்மை முடிவு என்ற கட்டத்தில் "ஹீமோகுளோபின் உயர்வு" என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். "8ஆவது வாரத்தில் ஹீமோகுளோபின், தொடக்கத்தோடு ஒப்பிட்டு" என்று நேரத்தோடு எழுதுங்கள்.

பெரிய பள்ளம் இதுதான்: முதல் நோயாளியைச் சேர்க்கும் தேதி என்று ஒரு கட்டம். அடுத்த வாரத் தேதியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால், அவர்கள் கேள்வி கேட்டு நீங்கள் பதில் அனுப்புவதற்குள் அந்தத் தேதி தாண்டிப்போகும். ஒவ்வொரு முறை திருத்தி அனுப்பும்போதும் தேதி இன்னும் வரவில்லைதானே என்று பாருங்கள். எனக்கு இரண்டு சுற்றுக் கேள்விகள், மொத்தம் ஏழு வாரம் ஆயிற்று. இரண்டு மாதம் தள்ளியே தேதி போடுங்கள்.

அனுப்பியதும் வருவது ரெஃபரன்ஸ் எண். அது பதிவு எண் ஆகாது. சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கி வருடம், மாதம், வரிசை எண் என வருவதுதான் பதிவு எண். அது வந்த பிறகே ஓ.பி.யில் முதல் படிவத்தை எடுங்கள்.

6. ஆள் சேர்க்க ஆரம்பித்த பின்

ஒரு போன் எண் போதாது. நம் மக்கள் ரீசார்ஜ் ஆஃபருக்காக சிம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மகன், பக்கத்து வீடு, ஊர் மளிகைக் கடை என்று கேட்டு இரண்டு எண்களாவது வாங்குங்கள், யாரிடம் பேசலாம் என்பதற்கும் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். எலும்புப் பிரிவு நண்பர் ஆறாவது மாத எக்ஸ்ரேக்கு வர வேண்டியவர்களைத் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் ஊர் ஊராகப் போனார்.

அவருக்கு இன்னொரு தலைவலி, இம்ப்ளான்ட் ஸ்டிக்கர். பெட்டியில் தயாரிப்பாளர், அளவு, லாட் எண்ணோடு வரும் அந்தச் சின்ன ஒட்டியைத் தியேட்டரிலேயே கேஸ் ஷீட்டில் ஒட்ட வேண்டும். பாதி ஷீட்டுகளில் இல்லை. லாட் எண் இல்லாவிட்டால் பிரச்சினை மனிதரிடமா, அறுவையிலா, அந்தத் தொகுதி உலோகத்திலா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. உங்கள் படிவத்தில் ஸ்டிக்கருக்கு ஒரு கட்டம் வரைந்து, தியேட்டர் சிஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மரணம், உயிருக்கு ஆபத்து, ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்வது போன்ற கடுமையான பாதிப்பு வந்தால் 24 மணி நேரத்துக்குள் எதிக்ஸ் கமிட்டிக்குத் தெரிவியுங்கள். மருந்தால் வந்ததா என்று நீங்கள் முடிவு செய்துகொண்டிருக்க வேண்டாம், முதலில் தெரிவியுங்கள். மருந்தின் மீதோ இம்ப்ளான்ட் மீதோ சந்தேகம் இருந்தால் உங்கள் கல்லூரியின் மருந்து எதிர்விளைவுக் கண்காணிப்பு மையத்திடமும் சொல்லுங்கள். காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்துக் கோவை ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. நோயாளிகளும் அதில் நேரடியாகப் பேசலாம்.

7. பணம்

சி.டி.ஆர்.ஐ.க்குச் செலவில்லை. எதிக்ஸ் கமிட்டிக் கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். எனக்குப் பெரிதாகக் கடித்தது ஃபெரிட்டின், அதாவது உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. எங்கள் லேபில் இல்லை, வெளியில் ஒன்றுக்கு 500 ரூபாய், 90 பேருக்கு 45,000. ஆய்வுக்காக மட்டும் செய்யும் பரிசோதனைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது, இது மாறாத விதி. ஆகவே ப்ரோட்டோகாலில் ஒரு பரிசோதனையைச் சேர்ப்பதற்கு முன் அதை யார் கட்டுவது என்று எழுதிப் பாருங்கள். கூடுதலாக வரச் சொல்லும் நாளுக்குப் பஸ் காசு கொடுக்கலாம், கமிட்டியிடம் தொகையைச் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு.

புள்ளியியலுக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. ஜமோவி, எபி இன்ஃபோ என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். தீசிஸுக்கு வேண்டியதெல்லாம் அவற்றில் உண்டு. "முழு தீசிஸும் எழுதித் தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் வருபவர்கள் எழுதுவது பழைய தீசிஸின் நகல். மாட்டிக்கொண்டால் போவது உங்கள் பட்டம்.

8. ஒப்படைக்கும் மாதம்

கருத்துத் திருட்டுச் சோதனைச் சான்றுக்கு வரிசை நீளும், பைண்டிங்குக்கும் அப்படித்தான். ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். கண்டறியும் ஆய்வு என்றால் ஸ்டார்டு, குலுக்கல் முறை ஆய்வு என்றால் கன்சார்ட், வெறுமனே கவனித்து எழுதும் ஆய்வு என்றால் ஸ்ட்ரோப் என்று சரிபார்ப்புப் பட்டியல்கள் இருக்கின்றன. எழுதி முடித்தபின் அல்ல, எழுதும்போதே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவேட்டில் உங்கள் ஆய்வின் நிலையை "முடிந்தது" என்று மாற்றுங்கள். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்களைக் குறைந்தது மூன்று வருடம் பத்திரமாக வைக்க வேண்டும். ஹாஸ்டல் அறையைக் காலி செய்யும் அவசரத்தில் அந்த அட்டைப்பெட்டி பழைய பேப்பர்காரரிடம் போய்விடும் ஆபத்து உண்டு. அதில் நோயாளிகளின் பெயரும் முகவரியும் இருக்கின்றன. பெட்டியின் மேல் பதிவு எண்ணையும் வருடத்தையும் எழுதி, துறை அலமாரியில் வைத்து, கைடிடம் பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கிவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.